ஓ.டி.யா, தனிநபர் கடனா? பணம் திரும்பி வரும் நாளைப் பொறுத்தது பதில்

“மூன்று லட்சம் ரூபாய் தேவைப்படுகிறது. என் வங்கியில் தனிநபர் கடன் 14 சதவீதத்துக்குத் தருகிறார்கள். அதே வங்கியில் சம்பளக் கணக்கின் மீது ஓ.டி. 15 சதவீதம். எதை வாங்கலாம்?” வாசகர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்வி இது. பள்ளிக் கட்டணம் கட்டும் ஜூன் மாதத்துக்கு முன்பும், தை, வைகாசி முகூர்த்தங்களுக்கு முன்பும் அதிகமாக வரும். கேட்பவர்களில் பலர் வட்டி வீதத்தை மறக்காமல் எழுதுவார்கள். எதற்காகப் பணம், எப்போது திருப்பிக் கட்ட முடியும் என்ற இரண்டையும் எழுத மறந்துவிடுவார்கள். அந்த இரண்டும் தெரியாமல் இந்தக் கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்ல முடியாது.

தனிநபர் கடன் எல்லோருக்கும் தெரிந்ததுதான். மொத்தத் தொகையும் ஒரே நாளில் கணக்கில் வந்துவிடும்; பிறகு மூன்றோ ஐந்தோ ஆண்டுகள் மாதத் தவணை. ஓ.டி. எனப்படும் ஓவர்டிராஃப்டில் கடன் கைக்கு வருவதில்லை, கடன் வாங்கும் உரிமைதான் வருகிறது. உங்கள் கணக்குக்கு வங்கி ஒரு வரம்பு வைக்கிறது. வங்கி ஊழியர்கள் ‘லிமிட்’ என்பது இதைத்தான். கணக்கில் இருப்பு தீர்ந்த பிறகும் அந்த வரம்பு வரை எடுக்கலாம். எடுத்த தொகைக்கு, எடுத்து வைத்திருந்த நாட்களுக்கு மட்டும் வட்டி. பணம் போட்டால் கடன் குறையும், மறுபடி தேவைப்பட்டால் மறுபடி எடுக்கலாம்.

எதை வைத்து அளப்பது?

ஐந்து கேள்விகள் போதும் என்பது என் கருத்து.

முதலாவது, பணம் எப்போது, எந்த வழியில் திரும்பி வரும்? விற்ற சரக்குக்கு வர வேண்டிய தொகையா, காப்பீட்டு நிறுவனம் தர வேண்டிய பணமா, முதிர்வடையப் போகும் வைப்புநிதியா (ஃபிக்ஸட் டெபாசிட்)? அல்லது மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்துத்தான் அடைக்க வேண்டுமா? இரண்டாவது, தேவை ஒரே தடவையா, விட்டுவிட்டு வருவதா? மூன்றாவது, வட்டி போக மொத்தம் எவ்வளவு செலவாகும்? நான்காவது, பாதியில் நிலைமை மாறினால் என்ன ஆகும்? வேலை போகலாம், வங்கியே மனம் மாறலாம், உங்களுக்கே பணம் வந்து சீக்கிரம் அடைக்க நினைக்கலாம். ஐந்தாவது, பணவிஷயத்தில் நீங்கள் எப்படிப்பட்டவர்? இதை எந்த வங்கி விண்ணப்பப் படிவமும் கேட்காது. ஆனால் கீழே வரும் கணக்கில் இதுதான் எல்லாவற்றையும் விட அதிக ரூபாயை இழுத்துக்கொண்டு போகிறது.

| அளவுகோல் | தனிநபர் கடன் | ஓ.டி. |
|---|---|---|
| வட்டி எதற்கு | நிலுவையில் உள்ள முழு அசலுக்கும் | எடுத்த தொகைக்கும் நாட்களுக்கும் மட்டும் |
| வட்டி வீதம் | பெரும்பாலும் நிலையானது | பெரும்பாலும் ஏறி இறங்குவது |
| திருப்பிக் கட்டுவது | கட்டாய மாதத் தவணை | மாத வட்டியைக் கட்டினால் போதும். அசல் உங்கள் விருப்பம் |
| காலம் | 1 முதல் 5 ஆண்டுகள், சில இடங்களில் அதற்கும் மேல் | ஓராண்டு. ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும் |
| சீக்கிரம் அடைத்தால் | பல இடங்களில் கட்டணம் உண்டு | எப்போது வேண்டுமானாலும் போடலாம், எடுக்கலாம் |
| வங்கி பாதியில் நிறுத்த முடியுமா | தவணை தவறாதவரை கடினம் | முடியும். வரம்பைக் குறைக்கலாம், ரத்து செய்யலாம் |
| திரும்பத் திரும்ப வரும் கட்டணம் | பொதுவாக இல்லை | புதுப்பிப்புக் கட்டணம் |
| யாருக்கு எளிதில் கிடைக்கும் | சம்பளக்காரர்களுக்கு | வைப்புநிதி, சொத்து அல்லது நல்ல வரவு செலவு உள்ளவர்களுக்கு |

தனிநபர் கடன்: கடிவாளம் போட்ட குதிரை

இதன் பெரிய பலம், முடியும் தேதி முதல் நாளே தெரிந்துவிடுவது. 36ஆவது தவணை கட்டியதும் கடன் தீர்ந்தது. நடுவில் ரிசர்வ் வங்கி, வங்கிகளுக்குத் தான் கொடுக்கும் கடனின் வட்டியான ரெப்போவை உயர்த்தினாலும், வட்டி நிலையானதாக இருந்தால் உங்கள் தவணை மாறாது. சம்பளம் வந்த ஐந்தாம் தேதியே தவணை தானாகப் பிடிக்கப்பட்டுவிடுவதால் “அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம்” என்ற பேச்சுக்கே இடமில்லை. பலருக்கு இந்தக் கட்டாயம்தான் காப்பாற்றுகிறது.

வட்டி வீதம் உங்கள் சிபில் மதிப்பெண் (முந்தைய கடன்களை எப்படிக் கட்டினீர்கள் என்பதற்கான மதிப்பெண்), வேலை செய்யும் நிறுவனம், வங்கி ஆகியவற்றைப் பொறுத்து ஏறத்தாழ 10 சதவீதத்திலிருந்து 24 சதவீதம் வரை போகும். எந்த அடமானமும் இல்லாத கடன் என்பதால் இவ்வளவு. 2023 நவம்பரில் இப்படிப்பட்ட நுகர்வுக் கடன்களுக்கான இடர் மதிப்பை ரிசர்வ் வங்கி 100 சதவீதத்திலிருந்து 125 ஆக உயர்த்தியது. அதாவது வங்கி இந்தக் கடனுக்காகக் கூடுதல் மூலதனத்தை ஒதுக்கி வைக்க வேண்டும். அதன் பிறகு மதிப்பெண் குறைந்தவர்களிடம் வங்கிகள் கறாராக இருப்பதில் வியப்பில்லை.

இனி மறைந்திருக்கும் செலவுகள். பரிசீலனைக் கட்டணம் 1 முதல் 3 சதவீதம் வரை இருக்கும். அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. இதைக் கடன் தொகையிலிருந்தே கழித்துக்கொண்டு மீதியைத்தான் தருவார்கள். மூன்று லட்சம் கேட்டவர் கைக்கு மூன்று லட்சம் வராது, ஆனால் மூன்று லட்சத்துக்கும் வட்டி கட்டுவார். கடன் காப்பீடு என்று ஒரு பாலிசியைச் சேர்த்து, அதன் பிரீமியத்தையும் கடனோடு கூட்டிவிடும் வழக்கமும் உண்டு. கையெழுத்துப் போடும் அவசரத்தில் இது கண்ணில் படாது. வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கிறது.

வட்டி எந்தத் தேதியிலிருந்து ஓடுகிறது என்பதையும் பாருங்கள். கடனை அனுமதித்த நாளிலிருந்தும் ஒப்பந்தம் போட்ட நாளிலிருந்தும் சில நிறுவனங்கள் வட்டி பிடிப்பதைக் கண்டுபிடித்த ரிசர்வ் வங்கி, பணம் கைக்கு வந்த நாளுக்கு முன் வட்டி வசூலிப்பது முறையல்ல என்று 2024 ஏப்ரலில் சுற்றறிக்கை அனுப்பியது. ஒன்றிரண்டு தவணைகளை முன்கூட்டியே பிடித்துக்கொண்டு, முழுத் தொகைக்கும் வட்டி போட்டதையும் அதே சுற்றறிக்கை கண்டித்தது.

‘பிளாட்’ வட்டி என்று யாராவது சொன்னால் அங்கேயே பேச்சை நிறுத்திக் கணக்குப் போடுங்கள். ஒரு லட்சம் ரூபாய்க்கு 12 சதவீதம் பிளாட், மூன்று ஆண்டுகள் என்றால் வட்டி 36,000, தவணை 3,778. அசல் மாதந்தோறும் குறைந்துகொண்டே வந்தாலும் வட்டி முதல் நாள் அசலுக்கே போடப்படுகிறது. குறையும் அசலுக்கு மட்டும் வட்டி போடும் முறைக்கு இதை மாற்றிப் பார்த்தால் உண்மையான வீதம் 21 சதவீதத்தைத் தாண்டும்.

சீக்கிரம் அடைக்க நினைப்பவர்களுக்குத்தான் இந்தக் கடனில் பெரிய அடி. முதல் ஆறு அல்லது பன்னிரண்டு தவணைகள் வரை முழுதாக அடைக்கவே விடாத வங்கிகள் உண்டு. விட்டாலும் மீதி அசலில் 2 முதல் 5 சதவீதம் வரை கட்டணம் கேட்பார்கள். மிதவை வட்டிக் கடன்களில், அதாவது வட்டி ஏறி இறங்கும் கடன்களில், தனிநபர்களிடம் இந்தக் கட்டணத்தை வாங்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கியின் விதி இருக்கிறது; 2026 ஜனவரி 1 முதல் அனுமதிக்கப்படும் தொழில் கடன்களிலும் தனிநபர்களுக்கும் குறு, சிறு நிறுவனங்களுக்கும் வணிக வங்கிகள் இந்தச் சலுகையைத் தர வேண்டும். ஆனால் தனிநபர் கடன்களில் பெரும்பாலானவை நிலையான வட்டியில் வருபவை. அவற்றுக்கு இந்த விதி பொருந்தாது. விளம்பரத்தில் வராத வாசகம் இது.

ஒரு நல்ல செய்தி: 2024 அக்டோபர் முதல் தனிநபர் தவணைக் கடன்களுக்கு ‘முக்கிய விவர அறிக்கை’ தருவது கட்டாயம். வட்டி, கட்டணங்கள் எல்லாவற்றையும் சேர்த்த ஆண்டு வீதம் அதில் ஒரே எண்ணாக இருக்கும். இரண்டு வங்கிகளை ஒப்பிட அந்த எண் போதும். விளம்பரத்தில் இருக்கும் “10.49 முதல்” என்பதில் ‘முதல்’ என்ற சொல் உங்களுக்காக எழுதப்பட்டதாக இருக்க வாய்ப்புக் குறைவு.

ஓ.டி.: ஒரு மாதத்தைக் கிட்டத்தில் பார்ப்போம்

ஓ.டி.யில் பல வகை உண்டு. சம்பளக் கணக்கின் மீது தருவது, பெரும்பாலும் இரண்டு மூன்று மாதச் சம்பளம் வரை. வைப்புநிதியின் மீது தருவது. வீடு, கடை போன்ற சொத்தின் மீது தருவது. தொழில் செய்வோருக்குச் சரக்கின் மீதும் வர வேண்டிய பாக்கியின் மீதும் தருவது ரொக்கக் கடன் என்ற பெயரில் வரும். வேலை செய்யும் விதம் ஏறத்தாழ ஒன்றுதான். ஜன் தன் கணக்கு வைத்திருப்பவர்களுக்கும் தகுதி இருந்தால் 10,000 ரூபாய் வரை ஓ.டி. உண்டு என்பது பலருக்குத் தெரியாது.

திருப்பூரில் பனியன் தைத்துக் கொடுக்கும் சிறிய ஜாப் ஒர்க் பட்டறை ஒன்றை எடுத்துக்கொள்வோம். தையல்காரர்களுக்குச் சனிக்கிழமைதோறும் கூலி கொடுத்தாக வேண்டும். துணி கொடுத்த நிறுவனத்திடமிருந்து பணம் வர ஒன்றரை மாதம், இரண்டு மாதம் ஆகும். பட்டறை உரிமையாளருக்கு 4 லட்சம் ரூபாய் வரம்பு, வட்டி 13 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். ஜூன் மாதக் கணக்கு இப்படிப் போகிறது:

1 முதல் 7ஆம் தேதி வரை நிலுவை 80,000 ரூபாய், 7 நாட்கள்.
8ஆம் தேதி கூலிக்கும் நூலுக்கும் எடுத்த பிறகு நிலுவை 2,30,000, 20ஆம் தேதி வரை 13 நாட்கள்.
21ஆம் தேதி பாக்கி 1,80,000 வந்து சேர்கிறது. நிலுவை 50,000, மாதக் கடைசி வரை 10 நாட்கள்.

ஒவ்வொரு நிலுவையையும் நாட்களால் பெருக்கிக் கூட்டினால் 40,50,000. அதில் 13 சதவீதம் எடுத்து 365ஆல் வகுத்தால் 1,442 ரூபாய். 30ஆம் தேதி இரவு கணக்கில் ‘வட்டி’ என்று பற்று விழும் தொகை அதுதான். இதே மனிதர் அந்த உச்சத் தேவையான 2,30,000 ரூபாயை அதே 13 சதவீதத்தில் தனிநபர் கடனாக வாங்கியிருந்தால் முதல் மாத வட்டி 2,492 ரூபாய். அதோடு 21ஆம் தேதி வந்த 1,80,000 சேமிப்புக் கணக்கில் சொற்ப வட்டிக்குத் தூங்கிக்கொண்டிருக்கும்.

இந்த வகையில் வரவும் செலவும் அலைபோல் வந்து போகிறவர்களுக்கு ஓ.டி.க்கு ஈடு கிடையாது. சம்பளக்காரருக்கும் இதில் ஒரு நன்மை: சம்பளம் அதே கணக்கில் விழுவதால் மாதத்தின் முதல் வாரத்தில் நிலுவை தானாகக் குறைந்துவிடும், வட்டியும் குறையும்.

ஆனால் அதே காரணத்தால்தான் சம்பள ஓ.டி. பலரை விழுங்குகிறது. ஒன்றாம் தேதி 60,000 ரூபாய் சம்பளம் வருகிறது. நிலுவை 1,80,000லிருந்து 1,20,000க்கு வருகிறது. கையில் காசு இல்லை. மளிகைக்கும் வாடகைக்கும் மறுபடி ஓ.டி.யிலிருந்தே எடுக்க வேண்டும். மாதக் கடைசியில் நிலுவை 1,80,000. பாதி ஆண்டு கழித்தும் 1,80,000. கடன் வாங்கியிருக்கிறோம் என்ற நினைப்பே போய், அது சம்பளத்தின் ஒரு பகுதி போல ஆகிவிடும். இதில் வங்கிக்கு ஒரு வருத்தமும் இல்லை. மாதந்தோறும் வட்டி தவறாமல் வருகிறதே.

மறைந்திருக்கும் செலவுகள் இங்கேயும் உண்டு. ஆண்டுதோறும் புதுப்பிப்புக் கட்டணம் உண்டு, அதன்மேல் ஜி.எஸ்.டி.; வரம்பிலிருந்து ஒரு ரூபாய்கூட எடுக்காவிட்டாலும் இது உண்டு. பெரிய வரம்புகளில், பயன்படுத்தாத பகுதிக்கு ஒரு கட்டணம் போடும் வங்கிகளும் இருக்கின்றன. மாத வட்டியைத் தனியாகக் கட்டாமல் விட்டால் அது அசலோடு சேர்ந்து, அடுத்த மாதம் வட்டிக்கு வட்டி ஓடும். 15 சதவீதம் என்பது ஆண்டுக் கணக்கில் 16 சதவீதத்துக்குச் சற்று மேல் ஆகிவிடும். வட்டி மிதவையாக இருந்தால் ரெப்போ ஏறும்போது கூடவே ஏறும். இறங்கும்போது பலனும் உண்டு: 2025 பிப்ரவரிக்கும் ஜூனுக்கும் இடையில் ரெப்போ 6.5 சதவீதத்திலிருந்து 5.5க்கு இறங்கியது. சொத்தின் மீது வாங்குவதானால் வில்லங்கச் சான்றிதழ், வழக்கறிஞர் கருத்துரை, மதிப்பீட்டாளர் கட்டணம், சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திர ஒப்படைப்புப் பதிவு என்று கடன் வருவதற்கு முன்பே கணிசமாகச் செலவாகும். மூன்று லட்சம் ரூபாய்க்காக இந்த வழியில் போவது வீண்.

ரூபாயில் அளக்க முடியாத ஒரு விலையும் இருக்கிறது. ஓ.டி. என்பது வங்கி கேட்டவுடன் திருப்பித் தர வேண்டிய கடன். உங்கள் நிறுவனம் ஆட்குறைப்பு செய்கிறது, சம்பளம் வரவில்லை என்றால், சம்பள ஓ.டி.யின் வரம்பை வங்கி நிறுத்திவிடலாம். பணம் மிகவும் தேவைப்படும் மாதத்தில்தான் இது நடக்கும். “வரம்புக்குள்தானே இருக்கிறேன், எனக்கென்ன பயம்” என்று நினைப்பதும் தவறு. 90 நாட்கள் தொடர்ந்து கணக்கில் வரவே இல்லாவிட்டாலோ, வந்த பணம் அந்தக் காலத்தில் போட்ட வட்டியைக்கூட ஈடு செய்யாவிட்டாலோ, ரிசர்வ் வங்கி விதிப்படி அந்த ஓ.டி. ஒழுங்கற்ற கணக்காகி வாராக்கடன் பட்டியலுக்குப் போய்விடும்.

ரூபாய்க் கணக்கில் வித்தியாசம் எவ்வளவு?

தொடக்கத்தில் சொன்ன கேள்விக்கே வருவோம். தேவை 3 லட்சம். தனிநபர் கடன் 14 சதவீதம், 36 மாதம், பரிசீலனைக் கட்டணம் 2 சதவீதம், சீக்கிரம் அடைத்தால் 4 சதவீதம். ஓ.டி. 15 சதவீதம், ஆண்டுக்கு 1,500 ரூபாய் கட்டணம். கட்டணங்களுக்கு ஜி.எஸ்.டி. சேர்த்துத்தான் கணக்கு.

| நிலைமை | தனிநபர் கடனின் மொத்தச் செலவு | ஓ.டி.யின் மொத்தச் செலவு |
|---|---|---|
| மூன்று மாதத்தில் முழுதும் அடைத்தால் | சுமார் 30,500 | சுமார் 13,000 |
| மூன்று ஆண்டுகள் ஒழுங்காக அடைத்தால் | சுமார் 76,200 | சுமார் 79,700 |
| மூன்று ஆண்டுகள் வட்டி மட்டும் கட்டினால் | பொருந்தாது | சுமார் 1,40,300. அசல் 3 லட்சம் அப்படியே |

தனிநபர் கடனின் தவணை 10,253 ரூபாய். முதல் வரியில் அதன் செலவு 30,500 ஆனதற்கு வட்டி காரணமில்லை, வட்டி 10,263தான். பரிசீலனைக் கட்டணம் 7,080, சீக்கிரம் அடைத்ததற்கு 13,192. வங்கி மூன்று மாதத்தில் அடைக்க அனுமதித்தால்தான் இந்தக் கணக்கும்.

இரண்டாவது வரியைப் பாருங்கள். ஒரு சதவீத வட்டி வித்தியாசமும் கட்டணங்களும் சேர்ந்து மூன்று ஆண்டுகளில் உண்டாக்கும் வேறுபாடு சுமார் 3,500 ரூபாய். இதற்காகத்தான் வங்கி வங்கியாக அலைகிறோம். தனிநபர் கடன்காரரைவிட, அசலைத் தொடாமல் விட்ட ஓ.டி.காரர் கூடுதலாகத் தந்தது 64,000க்கு மேல். அதற்கு வட்டி வீதத்தைக் குறை சொல்ல முடியாது.

மாதந்தோறும் வரம்பு குறைந்துகொண்டே வரும் ஓ.டி.யும் உண்டு. கட்டாயமும் வேண்டும், நெகிழ்வும் வேண்டும் என்பவர்களுக்கு நல்ல சமரசம். ஆனால் “முதல் இரண்டு ஆண்டுகள் வட்டி மட்டும் கட்டினால் போதும்” என்று விற்கப்படும் நெகிழ்வுக் கடன்களில் கவனம் தேவை. அந்த இரண்டு ஆண்டுகள் முடிந்தபின் முழு அசலும் குறுகிய காலத்துக்குள் தவணையாகி, தவணைத் தொகை திடீரென்று எகிறும்.

வைப்புநிதி கையில் இருந்தால்

இரண்டுக்கும் முன்பாக இதைப் பாருங்கள். வைப்புநிதியின் மீதான ஓ.டி. பொதுவாக வைப்பு வட்டிக்கு மேல் அரை சதவீதத்திலிருந்து இரண்டு சதவீதம் வரை மட்டுமே. தொகையில் 90 சதவீதம் வரை கிடைக்கும். சிபில் மதிப்பெண் பெரிதாகப் பார்க்கப்படுவதில்லை, ஒரே நாளில் முடியும். வரிச்சலுகைக்காகப் போட்ட ஐந்தாண்டு வைப்பை மட்டும் அடமானம் வைக்க முடியாது.

“வைப்புக்கு 7, கடனுக்கு 8, ஒரு சதவீதம்தான் நஷ்டம்” என்பார்கள். வருமான வரி கட்டாதவருக்கு அது சரி. 30 சதவீத வரி வரம்பில் இருப்பவருக்கு வைப்பு வட்டியில் வரி போக மிஞ்சுவது 5 சதவீதத்துக்கும் கீழே. சொந்தச் செலவுக்கு வாங்கிய கடனின் வட்டியை அந்த வருமானத்தில் கழித்துக்கொள்ளவும் முடியாது. அவருக்கு உண்மையான நஷ்டம் 3 சதவீதத்துக்கு மேல். அப்படியும் தனிநபர் கடனைவிட எவ்வளவோ மலிவு.

வைப்பையே உடைத்துவிடலாமா? இரண்டு மாதத்தில் திருப்பிப் போட்டுவிடுவோம் என்றால் உடைக்க வேண்டாம். 3 லட்சத்துக்கு 60 நாள் ஓ.டி. வட்டி 8 சதவீதத்தில் 3,945 ரூபாய். 5 லட்சம் வைப்பு இரண்டு ஆண்டுகள் ஓடிய பிறகு உடைத்து, வட்டியில் ஒரு சதவீதம் குறைந்தால் 10,000 ரூபாய்க்கு மேல் போய்விடும். வைப்பு போட்டு நாளாகவில்லை, கடனும் இரண்டு மூன்று ஆண்டுகள் ஓடும் என்றால் உடைப்பதே மேல். கடன் வாங்கி வைப்பைக் காப்பாற்றுவதில் அர்த்தமில்லை.

நகை இருக்கிறதே?

கேட்காமல் விட மாட்டீர்கள் என்று தெரியும். வங்கி நகைக்கடன் பெரும்பாலும் தனிநபர் கடனைவிட மலிவு. ரிசர்வ் வங்கியின் 2025 ஜூன் விதிகளின்படி, நுகர்வுத் தேவைக்கான கடன் 2.5 லட்சம் வரை என்றால் நகை மதிப்பில் 85 சதவீதம் வரையும், 5 லட்சம் வரை என்றால் 80, அதற்கு மேல் 75 சதவீதம் வரையும் தரலாம். 2026 ஏப்ரல் 1க்குள் பின்பற்றத் தொடங்க வேண்டும் என்று கெடு வைக்கப்பட்ட விதிகள் இவை. ஆறு மாதம், ஓராண்டுத் தேவைக்கு நல்ல வழிதான். மகள் கல்யாணத்துக்கு என்று வைத்திருக்கும் நகையை, திரும்ப மீட்கும் தேதி தெரியாமல் வைக்காதீர்கள். ஆண்டுதோறும் வட்டி மட்டும் கட்டித் திருப்பி வைக்கும் பழக்கம், ஓ.டி.யில் அசலைத் தொடாமல் விடும் அதே பழக்கம்தான்.

யாருக்கு எது?

அப்பாவின் அறுவை சிகிச்சைக்கு முன்பணம் கட்ட வேண்டும். காப்பீட்டுப் பணம் ஓரிரு மாதத்தில் வந்துவிடும் என்றால் ஓ.டி. போதும். காப்பீடே இல்லை, சம்பளத்திலிருந்துதான் அடைக்க வேண்டும் என்றால் தனிநபர் கடன்.

கல்யாணச் செலவுக்குத் தனிநபர் கடன். போன பணம் எந்த வழியிலும் திரும்பி வராது. மொய்ப் பணத்தை நம்பிக் கணக்குப் போட வேண்டாம்.

கிரெடிட் கார்டு பாக்கி சேர்ந்து மாதம் மூன்றரை சதவீதம் ஓடிக்கொண்டிருந்தால், அதாவது ஆண்டுக்கு 40 சதவீதத்துக்கு மேல், தனிநபர் கடன் வாங்கி அதை உடனே அடையுங்கள். ஓ.டி. வாங்கினால் ஒரு சுழல் கடனிலிருந்து இன்னொரு சுழல் கடனுக்குப் போனதாகத்தான் ஆகும். கார்டை அடைத்த கையோடு அதன் வரம்பையும் குறைக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் ஆறு மாதத்தில் இரண்டும் இருக்கும்.

கடை, பட்டறை, ஒப்பந்த வேலை என்று பாக்கி வசூலை நம்பி ஓடும் தொழிலுக்கு ஓ.டி. அல்லது ரொக்கக் கடன். தொழிலுக்குப் பயன்படுத்திய கடனின் வட்டியை வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்டலாம் என்பதும் கூடுதல் லாபம். ஆனால் அதே ஓ.டி.யிலிருந்து தையல் இயந்திரம் வாங்காதீர்கள். ஐந்து ஆண்டுகள் உழைக்கும் இயந்திரத்துக்குத் தவணைக் கடன். வாரக் கூலிக்கு ஓ.டி. என்று வையுங்கள். இரண்டையும் கலந்த பட்டறைகளில், கூலி நாளில் வரம்பு தீர்ந்து நிற்பதைக் காணலாம்.

என்றோ ஒரு நாள் வரக்கூடிய அவசரத்துக்காக மட்டும் வேண்டும் என்றால், வைப்புநிதி மீதான ஓ.டி. நல்லது. அதைச் சும்மா வைத்திருந்தாலும் செலவு மிகக் குறைவு. “உங்களுக்கு ஐந்து லட்சம் முன்கூட்டியே அனுமதிக்கப்பட்டிருக்கிறது மேடம், இன்றே வாங்கிக்கொள்ளுங்கள்” என்று அழைப்பு வந்தால் அதற்காகத் தனிநபர் கடன் வாங்கி வங்கியில் போட்டு வைக்காதீர்கள்.

ஓ.டி. வைத்துக்கொண்டும் அசலை மாதந்தோறும் குறைக்கும் மனிதர்கள் இருக்கிறார்கள். நீங்கள் அப்படிப்பட்டவரா என்று உங்களிடம் கேட்டால் எல்லோரும் ஆம் என்பீர்கள். கடந்த ஆண்டின் கிரெடிட் கார்டு அறிக்கைகளை எடுத்துப் பாருங்கள். குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டிய மாதங்கள் இருந்தால் தனிநபர் கடன்தான் உங்களுக்கு.

கையெழுத்துக்கு முன் கேட்க வேண்டியவை

தனிநபர் கடனானால் முக்கிய விவர அறிக்கையைக் கேட்டு வாங்கி, மொத்த ஆண்டு வீதத்தையும் சீக்கிரம் அடைக்கும் கட்டணத்தையும் பாருங்கள். ஒரே வாரத்தில் ஐந்து வங்கிகளில் விண்ணப்பிக்காதீர்கள். ஒவ்வொரு விண்ணப்பமும் சிபில் அறிக்கையில் பதிவாகும், அடுத்த வங்கி அதைப் பார்த்துத் தயங்கும். 2025 ஜனவரி முதல் வங்கிகள் குறைந்தது பதினைந்து நாளுக்கு ஒருமுறை கடன் விவரங்களை அனுப்ப வேண்டியிருப்பதால், ஒரு வங்கியில் வாங்கிய புதிய கடனும் மற்ற வங்கிகளுக்குச் சீக்கிரமே தெரிந்துவிடும்.

அந்த முக்கிய விவர அறிக்கை விதி தவணைக் கடன்களுக்கானது. அதனால் ஓ.டி.க்கு அனுமதிக் கடிதத்தை நீங்களாகக் கேட்டு வாங்கிப் படிக்க வேண்டும். வட்டி எந்த அடிப்படை வீதத்தோடு இணைந்திருக்கிறது, எத்தனை மாதத்துக்கு ஒருமுறை மாறும், புதுப்பிப்புக் கட்டணம் எவ்வளவு, வரம்புக்கு மேல் போனால் என்ன அபராதம் என்ற நான்கும் அதில் இருக்க வேண்டும். அபராதத்தை வட்டியோடு கூட்டி, அதற்கும் வட்டி போடக் கூடாது என்பது 2024 முதல் நடைமுறையில் உள்ள விதி. உங்கள் கணக்கில் அப்படி நடந்தால் எழுத்தில் கேளுங்கள். 30 நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம்.

ஓ.டி. இனி வேண்டாம் என்றால் நிலுவையைப் பூஜ்யமாக்கினால் போதாது. வரம்பை ரத்து செய்யச் சொல்லிக் கடிதம் கொடுத்து, நிலுவை இல்லை என்ற சான்றையும் வாங்குங்கள். இல்லாவிட்டால் அடுத்த ஆண்டும் புதுப்பிப்புக் கட்டணம் பற்று விழும். வீட்டுப் பத்திரம் வைத்து வாங்கியவர்கள் இன்னொன்றையும் குறித்துக்கொள்ளுங்கள்: முழுதும் அடைத்த 30 நாளுக்குள் அசல் பத்திரங்களை வங்கி திருப்பித் தர வேண்டும். தன் தவறால் தாமதித்தால் ஒவ்வொரு நாளுக்கும் 5,000 ரூபாய் வங்கி உங்களுக்குக் கொடுக்க வேண்டும்.